செவ்வாய்க்கே வந்த தோஷம்

பெண்ணுக்கு வரன் தேடும் வீட்டில் செவ்வாயின் பெயரைச் சொன்னால் போதும், தாயாருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். இரண்டில் இருக்கிறதா, ஏழில் இருக்கிறதா, எட்டில் இருக்கிறதா என்று ஜாதகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். "சுத்த ஜாதகம்தான் மாமி" என்று ஜோசியர் வாயால் கேட்ட பிறகே அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் ஏறும்.

இந்த வாரம் நாம் பேசப் போவது செவ்வாயால் பிறருக்கு வரும் தோஷத்தைப் பற்றி அல்ல. செவ்வாய்க்கே வந்த தோஷத்தைப் பற்றி. அந்தத் தோஷத்தைச் செய்தவர் வேறு யாருமில்லை, சாட்சாத் சூரியன்தான். ஒரு காலத்தில் ஆறும் ஏரியுமாக இருந்த ஒரு கிரகத்தின் காற்றையெல்லாம் ஊதி ஊதியே கரைத்துவிட்டது அது!

"ஆறும் ஏரியுமா? செவ்வாயிலா?" என்று கேட்பீர்கள். ஆம். 2012-ஆம் ஆண்டு கியூரியாசிடி என்ற ஊர்தி அங்கே போய் இறங்கிய பள்ளத்தில் முன்னொரு காலத்தில் ஏரி இருந்திருக்கிறது. 2021 பிப்ரவரி 18-ஆம் தேதி பெர்ஸவியரன்ஸ் என்ற இன்னொரு ஊர்தி இறங்கியதோ, ஓர் ஆறு வந்து ஏரியில் கலந்த இடத்தின் அருகில். காவிரி கடலில் சேரும் முன் வண்டலைப் பரப்பிப் பல கிளைகளாகப் பிரிகிறதே, அதே மாதிரி வண்டல் மேடு அங்கே விசிறி போல் விரிந்து கிடக்கிறது. தண்ணீர்தான் இல்லை.

தண்ணீர் நிற்க வேண்டுமானால் அதன் தலைமேல் காற்றின் பாரம் அமுக்கிக் கொண்டிருக்க வேண்டும். இன்று செவ்வாயின் தரையில் இருக்கும் காற்றழுத்தம் நம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இருப்பதும் பெரும்பாலும் கரியமில வாயு. அங்கே ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டினால், பாதி ஆவியாகப் பறந்துவிடும், பாதி உறைந்துவிடும். 2021 ஏப்ரலில் அங்கே இரண்டு கிலோகூட எடை இல்லாத ஒரு பொம்மை ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டார்கள். அதைத் தூக்குவதற்கே விசிறிகள் நிமிஷத்துக்கு 2,400 சுற்று சுற்ற வேண்டியிருந்தது. பிடித்துக்கொள்ளக் காற்று இருந்தால்தானே!

முன்பு தண்ணீர் ஓடியது என்றால் முன்பு கனமான காற்றும் இருந்திருக்க வேண்டும். அது எங்கே போயிற்று?

சூரியன் விடும் மூச்சு

சூரியன் நமக்கு வெளிச்சத்தையும் வெப்பத்தையும் மட்டும் அனுப்பவில்லை. தன் உடம்பையே பொடிப்பொடியாக எல்லாத் திசையிலும் ஊதிக்கொண்டிருக்கிறது. மின்னேற்றம் பெற்ற புரோட்டான்களும் எலெக்ட்ரான்களும் கொண்ட அந்த வீச்சுக்குத்தான் சூரியக் காற்று என்று பெயர்.

பெயர்தான் காற்று, நம் வீட்டு ஜன்னலில் வரும் தென்றல் போல் இதை நினைத்துவிடக் கூடாது. பூமி இருக்கும் தூரத்தில் ஒரு சர்க்கரைக் கட்டி அளவு இடத்தில் ஐந்தாறு துகள்கள்தான் இருக்கும். அவ்வளவு மெலிசு. ஆனால் வேகமோ விநாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர்! சென்னை எழும்பூரில் புறப்பட்டால் ஒரே விநாடியில் மதுரையை நெருங்கிவிடலாம். அந்த வேகத்திலும் செவ்வாய் போய்ச் சேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும்.

இப்படி ஒன்று இருக்கிறது என்பதை உலகம் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. வால் நட்சத்திரத்தின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறமே பறப்பதைப் பார்த்து, எதுவோ அதை ஊதித் தள்ளுகிறது என்று 1951-இல் ஜெர்மானியரான பியர்மன் சொன்னார். 1958-இல் அமெரிக்காவில் யூஜின் பார்க்கர் என்ற இளம் விஞ்ஞானி கணக்குப் போட்டு, சூரியனிலிருந்து இப்படி ஒரு காற்று வீசியே தீர வேண்டும் என்று கட்டுரை எழுதினார். பத்திரிகைக்கு வந்த அந்தக் கட்டுரையைப் பரிசீலித்த இரண்டு நிபுணர்களும் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள்.

பத்திரிகையின் ஆசிரியர் யார் தெரியுமா? நம் சுப்பிரமணியன் சந்திரசேகர்! லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பின்னால் 1983-இல் நோபல் பரிசு பெற்ற அதே சந்திரசேகர்தான். அவருக்கும் இந்த யோசனை பிடிக்கவில்லை. ஆனாலும் கணக்கில் பிழை ஏதும் காட்ட முடியாத ஒரு கட்டுரையை, பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் நிராகரிக்க அவர் மனம் ஒப்பவில்லை. அச்சில் போட்டார். நான்கே ஆண்டுகளில், 1962-இல், வெள்ளி கிரகத்துக்குப் போன மாரினர்-2 விண்கலம் வழியெல்லாம் அந்தக் காற்று வீசுவதை அளந்து சொல்லிவிட்டது!

கிழிந்த குடை

சரி, சூரியக் காற்று எல்லாக் கிரகங்கள் மேலும்தானே வீசுகிறது? செவ்வாய்க்கு மட்டும் ஏன் இந்தக் கதி?

பூமியின் வயிற்றில் உருகிய இரும்பு கொதித்துப் புரண்டுகொண்டிருக்கிறது. அதனால் பூமி முழுவதும் ஒரு பெரிய காந்தமாக இருக்கிறது. அந்தக் காந்தத்தின் சக்தி வானத்தில் பல்லாயிரம் கிலோமீட்டர் தூரத்துக்குப் பரவி நிற்கிறது. சூரியக் காற்றின் பெரும் பகுதி அதில் மோதி, படகின் முனையில் பட்ட தண்ணீர் போல் இரு பக்கமும் விலகிப் போய்விடுகிறது.

செவ்வாய்க்கும் ஒரு காலத்தில் அப்படிக் காந்தம் இருந்தது. ஆனால் அது சின்னக் கிரகம். குறுக்களவில் பூமியில் பாதிதான். சுமார் 400 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தக் காந்தம் அணைந்து போயிற்று. பழைய காந்தத்தின் மிச்சம் இன்றும் அங்கே பாறைகளில், முக்கியமாகத் தென் பாதியில், திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1997-இல் அங்கே போன ஒரு விண்கலம் அதைக் கண்டுபிடித்தது. கிழிந்த குடையில் அங்கங்கே ஒட்டுத் துணி இருப்பது போல்தான், மழைக்கு உதவாது.

குடை போனபின் நடப்பதைப் பாருங்கள். காற்று மண்டலத்தின் மேல் மாடியில் சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டு அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் உதிர்கின்றன. எலெக்ட்ரானை இழந்த அணு மின்னேற்றம் பெறுகிறது. சாதாரண அணுவைச் சூரியக் காற்று சட்டை செய்யாது. மின்னேற்றம் பெற்ற அணுவையோ தன்னோடு வரும் மின் சக்தியாலும் காந்த சக்தியாலும் பற்றி இழுத்துக்கொண்டு போய்விடும். செவ்வாயின் பின்புறம் நீண்ட வாலாக அவை வானவெளியில் கலந்துவிடுகின்றன.

இன்னொரு வழியும் உண்டு. இப்படிப் பிடிபட்ட அணுக்களில் சில, சுழற்றி எறியப்பட்டு, திரும்பக் காற்று மண்டலத்தின் மேலேயே வந்து மோதும். கேரம் பலகையில் ஸ்டிரைக்கர் பட்டுக் காய்கள் நாலா பக்கமும் தெறிக்கின்றன அல்லவா? அதுபோல் அங்கே இருக்கும் மற்ற அணுக்கள் தெறித்து வெளியே போய்விடும். வெகு காலம் ஊகமாக இருந்த இந்த விஷயத்தை நேரடியாகவே கண்டதாக 2025-இல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

கற்பூர டப்பாவின் கணக்கு

செவ்வாயின் காற்று எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்கென்றே நாஸா நிறுவனத்தார் மேவன் என்ற விண்கலத்தை 2013 நவம்பரில் அனுப்பினார்கள். அதே மாதத்தில் நம் மங்கள்யானும் புறப்பட்டது. இரண்டும் 2014 செப்டம்பரில், இரண்டு மூன்று நாள் இடைவெளியில், செவ்வாயை எட்டின. மேவன் ஒவ்வொரு சுற்றிலும் செவ்வாயின் மேல் காற்றுக்குள் முங்கி எழுந்து அளவு எடுத்தது.

2015-இல் மேவன் சொன்ன கணக்கு இது: சூரியக் காற்று செவ்வாயிலிருந்து விநாடிக்குச் சுமார் 100 கிராம் காற்றை எடுத்துக்கொண்டு போகிறது.

நூறு கிராம்! மளிகைக் கடையில் ஒரு சின்னப் பொட்டலம் மிளகு. ஆனால் விநாடிக்கு நூறு கிராம் என்றால் ஒரு நாளைக்கு 8,640 கிலோ. ஒரு லாரிச் சுமை. ஆண்டுக்கு மூவாயிரம் டன்னுக்கு மேல். மூடியைத் திறந்து வைத்த கற்பூர டப்பா மாதிரி யாரும் தொடாமலே கரைகிறது.

இதோடு கதை முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் வீட்டுக் கணக்கு எழுதும் பெண்மணிகள் இந்த இடத்தில் பென்சிலைக் கையில் எடுப்பார்கள். செவ்வாயில் இன்னும் மிச்சமிருக்கும் காற்றின் எடை சுமார் 25 லட்சம் கோடி டன். ஆண்டுக்கு மூவாயிரத்துச் சொச்சம் டன் வீதம் போனால் அதுவே தீருவதற்கு ஏறத்தாழ 800 கோடி ஆண்டுகள் பிடிக்கும். கிரகங்கள் பிறந்தே 460 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. அப்படியிருக்க, இதைவிடப் பல மடங்கு கனமாக இருந்த பழைய காற்று இந்தச் சில்லறைக் கசிவில் எப்படித் தீர்ந்திருக்கும்? கணக்கு உதைக்கிறதே!

புயல் நாட்கள்

உதைக்கத்தான் செய்யும். ஏனென்றால் அந்த நூறு கிராம் அமைதியான நாளின் கணக்கு. சூரியனுக்குக் கோபம் வரும் நாளும் உண்டு. அப்போது அதன் மேற்பரப்பிலிருந்து பெரும் வாயுக் குமுறல் ஒன்று கிளம்பி, வழக்கமான காற்றையும் முந்திக்கொண்டு பாயும். 2015 மார்ச் மாதத்தில் அப்படி ஒரு புயல் செவ்வாயைத் தாக்கியது. அப்போது மேவன் அங்கேயே இருந்தது. காற்று வெளியேறும் வேகம் வெகுவாகக் கூடிவிட்டதை அளவுகளும் காட்டின, கணிப்புகளும் காட்டின.

சூரியன் இளமையில் இப்போது இருப்பதைவிடத் துடுக்கு அதிகம். புற ஊதாக் கதிர் அதிகம், காற்றும் பலம், புயல்களும் அடிக்கடி. செவ்வாயின் குடை கிழிந்ததும் ஏறத்தாழ அந்தச் சமயத்தில்தான். பெரிய இழப்பெல்லாம் அப்போது நடந்திருக்க வேண்டும் என்பது விஞ்ஞானிகளின் முடிவு. குடும்பங்களில் பார்க்கிறோமே, தினசரிச் செலவால் சொத்து அழிவது அபூர்வம். ஒன்றன்பின் ஒன்றாக வரும் பெரிய அடிகளில்தான் நிலமும் நகையும் போகும்.

இதற்குச் சாட்சி உண்டா என்றால், உண்டு. ஆர்கான் என்று ஒரு வாயு. அது எதனோடும் சேராது. பாறையோடு சேர்ந்து மண்ணுக்குள் ஒளியவும் ஒளியாது. செவ்வாயை விட்டு அது போகவேண்டுமானால் வானத்தின் வழியாகத்தான் போகவேண்டும். ஆர்கானில் எடை குறைந்த அணுவும் உண்டு, எடை கூடிய அணுவும் உண்டு. முறத்தில் அரிசியைப் புடைக்கும்போது உமி பறந்து மணி நிற்பது போல், லேசான ஆர்கான் முதலில் போய்க் கனமானது பின் தங்கும். எவ்வளவு கனமானது தங்கியிருக்கிறது என்று பார்த்தால், எவ்வளவு பறந்து போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம். 2017-இல் வெளிவந்த முடிவு: செவ்வாய் தன் ஆர்கானில் சுமார் 65 சதவிகிதத்தை வானவெளிக்குப் பறிகொடுத்துவிட்டது!

காற்று நின்ற நாள்

ஓயாமல் அடிக்கும் கை ஒரு நாள் ஓய்ந்தால் எப்படி இருக்கும்? அதையும் மேவன் பார்த்தது.

2022 டிசம்பர் 26-ஆம் தேதி செவ்வாயில் சூரியக் காற்று ஏறக்குறைய நின்றே போயிற்று. வேகமாக வந்த ஒரு வீச்சு, முன்னால் மெதுவாகப் போன வீச்சை வாரித் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அவசரமாகப் போகும் ஊர்வலத்துக்குப் பின்னால் தெரு வெறிச்சோடிக் கிடக்குமே, அந்த மாதிரி ஒரு வெற்றிடம் பின்னால் வந்தது. துகள்களின் நெருக்கம் நூறு மடங்கு குறைந்துவிட்டது.

உடனே செவ்வாயின் மேல் காற்று மண்டலம் என்ன செய்தது தெரியுமா? மின்னேற்றம் பெற்ற அடுக்கும், அதைச் சுற்றியிருக்கும் மெல்லிய காந்த உறையும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உப்பி, மூன்று மடங்குக்கும் மேல் பெருத்துவிட்டன! கையால் அமுக்கிப் பிடித்திருந்த பஞ்சுத் தலையணை, கையை எடுத்ததும் புஸ்ஸென்று எழுவது போல. பிறகு காற்று மறுபடி வீச, மறுபடி அமுங்கிப் போயிற்று. அத்தனை நாளும் எவ்வளவு பாரத்தின் கீழ் அது கிடந்தது என்பது, அந்தப் பாரம் விலகிய ஒரு நாளில்தான் தெரிந்தது.

நம் பூமிக்கும் 1999 மே மாதத்தில் இதே போல் நடந்ததுண்டு. இரண்டு நாள் சூரியக் காற்று வெகுவாக மெலிந்து, பூமியின் காந்த உறை ஐந்தாறு மடங்கு உப்பி நின்றது.

நமக்கு என்ன வந்தது?

"எங்கேயோ இருக்கிற செவ்வாய்க்கு வந்த கஷ்டம் எங்களுக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, நம் பேரன் பேத்திகள் காலத்தில் செவ்வாயில் குடியேறலாம் என்று பலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 2024 மே மாதம் 20-ஆம் தேதி சூரியனில் ஒரு பெரிய வெடிப்பு ஏற்பட்டு, அதைத் தொடர்ந்து வந்த துகள்கள் செவ்வாயின் தரை வரை பாய்ந்தன. அங்கே அப்போது ஒரு மனிதர் நின்றிருந்தால், மார்பு எக்ஸ்-ரே முப்பது முறை எடுத்துக்கொண்டதற்குச் சமமான கதிர்வீச்சு அவர் உடம்பில் ஏறியிருக்கும். கியூரியாசிடி அளந்த கணக்கு அது. கூரை இல்லாத வீட்டில் குடித்தனம் நடத்துவது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சரி, போன காற்றை மறுபடி உண்டாக்கிவிடலாமே என்றால், அதற்கும் 2018-இல் ஓர் ஆராய்ச்சி பதில் சொல்லிவிட்டது. செவ்வாயின் பனியிலும் மண்ணிலும் எட்டும்படி மிச்சமிருக்கும் கரியமில வாயுவை முழுக்கத் திரட்டினாலும், இன்று நமக்குத் தெரிந்த வழிகளில் அந்தக் கிரகத்தைக் கதகதப்பாக்கப் போதாது. இந்தத் தோஷத்துக்குப் பரிகாரம் கிடையாது.

இரண்டாவது காரணம், அதே சூரியன்தான் நம்மையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. 2022 பிப்ரவரியில் ஸ்டார்லிங்க் நிறுவனத்தார் 49 செயற்கைக் கோள்களை ஒரே வீச்சில் அனுப்பினார்கள். அடுத்த நாள் பூமியைத் தொட்டது ஒரு காந்தப் புயல். பெரிய புயல்கூட அல்ல. மேல் காற்று சூடேறிப் பொங்கிக் கனத்தது. தாழ்வாகச் சுற்றிக்கொண்டிருந்த அந்தக் கோள்கள் அதில் சிக்கித் தடுமாறி, நாற்பது வரை கீழிறங்கி எரிந்து போயின. 2024 மே 10-ஆம் தேதி வந்த புயலோ இருபது ஆண்டுகளில் காணாத பலம் கொண்டது. துருவத்துக்கு அருகிலேயே தெரியும் வான ஒளி, அன்றிரவு லடாக்கில் ஹான்லே ஆராய்ச்சிக் கூடத்தின் காமிராவில் சிவப்பாகப் பதிந்தது.

ஆனால் அந்தப் புயலுக்கு மறுநாள் காலையிலும் நாம் எழுந்து, பால் காய்ச்சி, ஜன்னலைத் திறந்து மூச்சு விட்டோம். பொங்கிய மேல் காற்று சில நாளில் தானாக அடங்கிற்று. காந்தக் குடை ஒரு காரணம். பூமி பெரிய கிரகமாக இருந்து தன் காற்றைக் கனமாகப் பிடித்து வைத்திருப்பது இன்னொரு காரணம். குடை ஒன்றே போதும் என்று சொல்ல முடியாது. வெள்ளி கிரகத்துக்குச் சொந்தக் காந்தம் இல்லாவிட்டாலும், உருவில் ஏறக்குறைய பூமியளவு இருப்பதால் அது கனத்த காற்றோடுதான் இருக்கிறது. செவ்வாய்க்கோ பிடித்து வைக்க வலுவும் இல்லை, மறைத்துக் காக்கக் குடையும் இல்லை. இரண்டும் இல்லாத நேரத்தில் புயலும் சேர்ந்து வந்தது.

சுமார் 26 மாதங்களுக்கு ஒரு முறை செவ்வாய் நமக்கு அருகே வரும். 2027 பிப்ரவரி அப்படி ஒரு சமயம். பொழுது சாய்ந்தபின் மொட்டை மாடிக்குப் போய்க் கிழக்கே பார்த்தால், இமைக்காமல் செம்மையாக ஒரு புள்ளி தெரியும். குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே ஆறு ஓடியதையும், அது வற்றிய விதத்தையும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலும், விநாடிக்கு நூறு கிராம் வீதம், அங்கிருந்து காற்று போய்க்கொண்டேதான் இருக்கும்.